உயிரோடு இருப்பவனுக்கு ஒரு சாவு நோட்டீஸ்

யெரேயின் வாய்க்குப் பூட்டு செய்யத் தெரிந்தவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ஸ்பிளிட் நகரத்துக்குத் தெற்கே, கடலோரச் சாலையில் பஸ் ஓட்டுகிற மனுஷன். அந்தச் சாலையில் குறுக்கே வந்த ஆடு, ஜெர்மன்காரனின் கார், மலையிலிருந்து இறங்கும் புரா காற்று, இந்த நாட்டை ஆண்டவன், ஆளப்போகிறவன் என்று ஒருத்தரையும் அவன் விட்டுவைத்ததில்லை. பயணிகளுக்கு அது பழகிவிட்டது. ஒருநாள் அவன் தொண்டை கட்டி வாய் திறக்காமல் ஓட்டியபோது, பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லாம் பயந்துபோய், உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டால் போதும், ஆடும் காற்றும் தப்பித்தன. வாய் கால்பந்து பக்கம் திரும்பிவிடும்.

எங்கள் ஊரில் மீன் கொஞ்சம், வேலை கொஞ்சம். கால் நன்றாக இருக்கிற பையன்கள் மட்டும் தாராளமாகப் பிறக்கிறார்கள். அவர்கள் இருபது வயதுக்குள் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் துருக்கிக்கும் போய்விடுவார்கள். 'வெளியே ஆடும் நம்ம பையன்கள்' என்று அவர்களுக்குப் பேர். துறைமுகத்தில் ஸ்லாவிட்சாவின் காபிக் கடையில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே பேச்சுதான். எவன் கோல் போட்டான், எவனுக்கு முட்டி போயிற்று, எவனை பெஞ்சில் உட்கார வைத்தான் அந்தப் பாழாய்ப்போன கோச் என்று ஒரு காபியை வைத்துக்கொண்டு அரை நாள் ஓட்டுவார்கள். பேப்பர்காரன் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவான். யெரேக்கு அந்த மார்க் பிடிக்காது. அவனே போடுவான்.

"இத்தாலில ஆடுறானே, அவனுக்கு எவ்வளவுடா?" என்று சீண்டுவான் ஃப்ரானே. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். யெரேயிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாவிட்டால் அவனுக்கு ஒயின் இறங்காது.

"மூணு."

"டேய், அவன் கோல் போட்டான்டா!"

"அவன் எங்க போட்டான்? பந்து அவன் மேல பட்டுச்சு. அந்த இடத்துல ஒரு கழுதை நின்னிருந்தாலும் கோல்தான். கழுதை அதுக்கப்புறம் சட்டையைக் கழட்டிட்டு ஓடியிருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்."

"உனக்கு எவனையாவது பிடிக்குமாடா?"

"பிடிக்கிற மாதிரி எவனாவது ஆடட்டும், சொல்றேன்."

எல்லாருக்கும் மூன்று, நான்கு என்று கிள்ளிக் கிள்ளியாவது கொடுப்பான். ஒருத்தனுக்கு மட்டும் எப்போதும் பூஜ்யம். ஸ்காட்லாந்தில் ஆடும் ரோகோ. இதே ஊர்ப் பையன். சந்தையில் கீரையும் அத்திப்பழமும் விற்கிற நெவென்காவின் மகன். ரோகோ நன்றாக ஆடினால் யெரேக்கு அன்று சோறு இறங்காது. மோசமாக ஆடினால் ஒரு கிளாஸ் கூடுதலாகக் குடிப்பான். ஏன் என்று ஊருக்கே தெரியும். அவன் எதிரில் சொல்லத்தான் ஆளில்லை.

யெரேக்கும் ஒரு மகன் உண்டு. துயே என்று பேர். ரோகோவும் துயேயும் ஒரே தெரு, ஒரே வகுப்பு. ஊர்ச் சிறுவர் அணியில் ரோகோ முன்னால் ஓடுவான், துயே பின்னால் காவல் நிற்பான். வேகம் கிடையாது. ஆனால் சொன்ன இடத்தில் நிற்பான், அடி வாங்கினாலும் நகரமாட்டான். லீவு நாளில் பையன்களை வெளியூர் ஆட்டத்துக்கு அழைத்துப்போவது யெரேதான். தன் மகன் பெரிய கிளப்பில் ஆடுவான், தன் பஸ்ஸில் அவன் படம் ஒட்டுவேன் என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவான். மனைவி மாரே தலையில் அடித்துக்கொள்வாள். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருய்யா. ஆடப்போறது அவன்."

நகரத்துப் பெரிய கிளப்பிலிருந்து ஆள் வந்து பார்த்த அன்று, ரோகோவைத் தேர்ந்தெடுத்தார்கள். துயேயை அவர்கள் பேர் கேட்கக்கூட இல்லை. திரும்பி வரும்போது பஸ் முழுக்கப் பையன்கள். டூரிஸ்டுகளுக்கு இடம் சொல்வதற்காக டிரைவர் பக்கத்தில் ஒரு மைக் வைத்திருப்பார்கள் இல்லையா, யெரே அதைக் கையில் எடுத்தான்.

"ரோகோவுக்கு எல்லாரும் கை தட்டுங்க. என் பையனைப் பத்தி என்னடா சொல்றது? எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு இவனைவிட நல்ல காலு. அதுவும் நாலு இருக்கு!"

பஸ்ஸே அதிரும்படி சிரித்தார்கள் பையன்கள். ரோகோ மட்டும் சிரிக்கவில்லை. துயே ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தான். பதினாறு வயசுப் பிள்ளையை, அவனோடு ஆடும் பிள்ளைகள் முன்னால்! பெற்றவனுக்கு நாக்கு எப்படித்தான் எழுந்ததோ. அன்றைக்குப் பிறகு துயே பந்தைத் தொடவில்லை. 'மேஜைக்கால்' என்ற பேர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

மாரே புற்றுநோயில் போனாள். அம்மாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தான் துயே. அடுத்த வாரமே அயர்லாந்தில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை என்று கிளம்பினான். ஊரிலிருந்து ஸ்பிளிட்டுக்குப் போகும் முதல் பஸ். ஓட்டுவது அப்பன். அப்பனிடமே டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தான். வழி முழுக்க இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது யெரேதான் வாயைத் திறந்தான். "அங்க போய் மட்டும் என்ன கிழிக்கப்போற? அங்கயும் மேஜைதான் தூக்கணும்" என்றான்.

போகாதே என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். சத்தியமாக அதற்குத்தான். வந்தது இது. பிறவிக் குணத்துக்கு மருந்து ஏது?

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குத் துயே போன் செய்தான். "யாரு, மேஜைக்காலா?" என்று கேட்டான் யெரே, சிரிக்க வைக்கலாம் என்று. துயே போனை வைத்துவிட்டான். யெரே பிறகு ஈஸ்டருக்கு அந்த நம்பரைக் கூப்பிட்டபோது, அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது இயந்திரக் குரல். புது நம்பரை யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் மானம் போய்விடுமே! வீம்பு எங்கள் பக்கத்தில் தாய்ப்பாலோடு வருவது. யெரேக்கு ஒரு பங்கு கூடுதல்.

"உன் பையன் எப்படிடா இருக்கான்?" என்று ஃப்ரானே ஒருமுறை கேட்டுவிட்டான்.

"எந்த டீம்ல ஆடுறான் என் பையன்? ஸ்கோர் வரட்டும், சொல்றேன்" என்றான் யெரே. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. போன ஆகஸ்டில் அந்த ஆட்டம் வந்தது.

ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நம்ம கிளப்புக்கும் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் சீட்டு விழுந்துவிட்டது. ரோகோவை வளர்த்த கிளப்புக்கு எதிராக ரோகோ. சாயங்காலம் ஸ்லாவிட்சா கடையில் நிற்க இடமில்லை. சுவரெல்லாம் கொடி. யெரே டிவிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஸ்காட்லாந்தில் நடந்த ஆட்டம் சமமாகவே போயிற்று. முடிகிற நேரத்தில் ஒரு பந்து உயரே வந்தது, ரோகோ தலையால் முட்டினான், கோல். நம்ம கிளப் வெளியே.

சரி, அதுவாவது போகட்டும். ஆட்டம் என்றால் கோல் விழும். தன்னை வளர்த்த கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டவன் தலையைக் குனிந்து, இரண்டு கையையும் தூக்கி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நிற்பான். அதுதான் முறை. துளி வெட்கம் உள்ளவன் எல்லாம் அப்படித்தான் செய்திருக்கிறான். ரோகோ என்ன செய்தான் தெரியுமா? ஓடினான். விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதித்தான். ஜனங்கள் இருக்கும் வரிசைக்குள் ஏறி, கறுப்புத் தொப்பிச் சட்டை போட்ட எவனோ ஒருத்தனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். விடவே இல்லை. கேமராவில் அந்த ஆளின் முதுகு மட்டும் தெரிந்தது.

யெரே கிளாஸைத் தூக்கித் தரையில் அடித்தான்.

"எழவெடுத்தவன்! நம்ம ஊரு மீனைத் தின்னு வளர்ந்த உடம்புடா அது! எவனோ ஒரு ஸ்காட்லாந்துக் குடிகாரனைக் கட்டிக்கிட்டு ஆடுறான் பாரு! இவன் செத்துட்டான்டா. என்னைப் பொறுத்தவரை இவன் இன்னிக்கே செத்துட்டான்!"

"கிளாஸை யாரு பொறுக்குறது?" என்றாள் ஸ்லாவிட்சா.

அந்த வாரம் முழுக்க யெரே அந்தக் கோலைப் போனில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டினான். பார்க்கப் பார்க்க அவனுக்கே வெறி ஏறியது. செத்துட்டான் என்று வாயால் சொன்னது போதவில்லை.

எங்கள் ஊரில் சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு பலகை உண்டு. யார் செத்தாலும் அதில் கறுப்பு பார்டர் போட்ட நோட்டீஸ் ஒட்டுவார்கள். மேலே சிலுவை, நடுவில் பேர், கீழே துக்கத்தில் வாடுவோர். காலையில் காபிக்குப் போகும் எவனும் அந்தப் பலகையைப் பார்க்காமல் போகமாட்டான். ஒட்டிய நோட்டீஸை யாரும் கிழிக்கவும் மாட்டார்கள். மழை கிழிக்க வேண்டும், இல்லை அடுத்த சாவு மறைக்க வேண்டும். கை வைத்தவன் வீட்டுக்குச் சாவு வரும் என்று பயம்.

யெரே ஸ்பிளிட்டில் ஒரு அச்சுக் கடையில் அடித்துக்கொண்டு வந்து, நிஜமான சாவுகளுக்கு நடுவில் ஒட்டினான்:

'ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். நெவென்காவின் மகன் ரோகோ, தன்னை வளர்த்த கிளப்புக்கு எதிராகக் கோல் போட்ட அன்று, வெட்கம் நின்றுபோய்க் காலமானான். அடக்கம் ஸ்காட்லாந்தில், சேற்றில். பூ கொண்டுவர வேண்டாம். துக்கத்தில் வாடுவோர்: யாருமில்லை.'

ஊர் சிரித்தது. சிலர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு சிரித்தார்கள். எவனோ போட்டோ எடுத்து இணையத்தில் போட, நாடு முழுக்கப் போயிற்று. ஃப்ரானேக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"செத்தவங்க பலகையில விளையாடாதடா. அவனுக்குத் தாய் இருக்கா."

"இருந்தா என்ன? வந்து படிக்கட்டும். நல்லாப் பெத்தாளே!"

நெவென்கா சந்தைக்குப் போகும் வழியில் வந்தாள். கூடையைக் கீழே வைத்தாள், கண்ணாடியை மாட்டினாள், மேலிருந்து கீழ்வரை படித்தாள். எதிரே ஸ்லாவிட்சா கடையில் ஆண்கள் எல்லாம் காபியை வாயருகில் வைத்தபடி காத்திருந்தார்கள். அவள் கத்துவாள், சாபம் விடுவாள் என்று யெரே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தெருவைத் தாண்டிக் கேட்கும்படி சொன்னாள். "உனக்கு இவ்வளவு எழுத வருமா யெரே? தெரியாமப் போச்சே. உன் பையனுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்."

"என் பையனை ஏண்டி இழுக்குற? அவன் எவனுக்கும் துரோகம் பண்ணல!"

"அவனுக்குப் பண்ணினவங்கதான் உண்டு" என்றாள் நெவென்கா. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு பேசியவர்கள் வேறு விஷயம் பேசினார்கள்.

சில நாள் கழித்து ஒரு காலை. புரா காற்று பலகையை ஆட்டிக்கொண்டிருந்தது. யெரே பஸ்ஸை நிறுத்தத்தில் விட்டுவிட்டு, கிளம்புவதற்கு முன் ஒரு காபி குடிக்கலாம் என்று வந்தான். வழக்கம்போலப் பலகையைப் பார்த்தான். ரோகோவின் நோட்டீஸ் பக்கத்தில் புதிதாக ஒன்று. கறுப்பு பார்டர், சிலுவை. அதில் கேலி ஒரு எழுத்தும் இல்லை.

'காலஞ்சென்ற மாரேயின் மகன் துயே, அயர்லாந்தில் காலமானார். அடக்கம் பற்றிய விவரம் பின்னர் அறிவிக்கப்படும். துக்கத்தில் வாடுவோர்: நண்பன் ரோகோ, நெவென்கா அத்தை.'

முதலில் அவனுக்கு வந்தது கோபம்தான். அப்பன் பேர் எங்கே? பெற்றவன் நான் இங்கே குத்துக்கல்லாக நிற்கிறேன், எவனோ ரோகோ பேரைப் போட்டிருக்கிறார்களே! அதற்குப் பிறகுதான் என்ன படித்தோம் என்பது உறைத்தது.

பழிக்குப் பழி, அந்தச் சண்டாளி நெவென்கா செய்த வேலை இது என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே இன்னொரு முறை படித்தான். கேலியாக இருந்தால் கேலியாக எழுதியிருப்பாளே? இது நிஜ நோட்டீஸ் மாதிரியே இருக்கிறதே? இறைச்சித் தொழிற்சாலை என்றால் கத்தி, இயந்திரம், வழுக்குத் தரை. அங்கே ஏதாவது ஆகியிருந்தால் யாருக்குச் சொல்வார்கள்? அப்பனுக்கா? அப்பன் நம்பர் அவனிடம் இருக்குமா? நண்பனுக்குத்தானே சொல்வார்கள்?

ஃப்ரானே பின்னால் வந்து நின்று படித்தான். தொப்பியைக் கழற்றினான். "யெரே... இது நிஜமாடா?"

"தெரியலடா" என்றான் யெரே.

"என்னடா தெரியலங்கிற?"

"தெரியலடா ஃப்ரானே! என் புள்ள இருக்கானா செத்தானான்னு எனக்குத் தெரியல!"

எவன் எங்கே எத்தனை நிமிஷம் ஆடினான் என்று ஐரோப்பா முழுக்கக் கணக்குச் சொல்கிறவன். அவனுக்குச் சொந்த மகன் மூச்சு விடுகிறானா என்று தெரியவில்லை. அந்தச் சேதி யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. நிறுத்தத்தில் பயணிகள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸை அப்படியே விட்டுவிட்டு, நெவென்கா வீட்டுக்கு மேட்டில் ஓடினான். வயிறு பெருத்த மனுஷன், பாதி வழியில் மூச்சு வாங்கியது. அப்போதும் நிற்கவில்லை.

"நெவென்கா! கதவைத் திற! திறடி!"

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கத்தியோடு வந்து திறந்தாள். "ஏன்யா கத்துற? தெருவுல மனுஷங்க குடியிருக்காங்க."

"என் பையன் உயிரோட இருக்கானா?"

"எந்தப் பையன்?"

"துயே! என் துயே!"

"உனக்கு ஏது பையன்? உன் வீட்ல மேஜைதானே இருக்கு."

"நெவென்கா, உன் கால்ல வேணா விழுறேன். விளையாடாத."

"நீ விளையாடலாம், நான் விளையாடக் கூடாதா? என் புள்ளையப் பலகையில ஏத்தினியே, நான் உன் வீட்டுக் கதவை வந்து தட்டினேனா? ஏன் தட்டல, சொல்லு. என் புள்ள உயிரோட இருக்கான்னு எனக்குத் தெரியும். அன்னிக்குக் காலையிலகூட என்ன சாப்பிட்டேன்னு சொன்னான். உனக்கு ஏன்யா தெரியல? பெத்தவன்தானே நீ?"

யெரே படியில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை.

"அந்தக் கோலை ஊர் பூரா காட்டினியே. எத்தனை தடவை பாத்த?"

"என்னத்துக்கு இப்ப அது?"

"ரோகோ ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சான்ல, கறுப்புச் சட்டை. ஸ்காட்லாந்துக் குடிகாரன்னு சொன்னியாமே. அது யாரு?"

யெரே நிமிர்ந்தான்.

"ரோகோ அங்க போனதிலிருந்து ஒரு ஆட்டம் விடாமக் கப்பல்ல கடலைத் தாண்டிப் போறான்யா உன் பையன். வேலை முடிச்சு, தூங்காம. ரோகோ அவனுக்கு டிக்கெட் எடுத்து வைக்கிறான். கோல் போட்டா உன்கிட்டதான் வருவேன்னு சொல்லியிருந்தானாம். அத்தனை தடவை பாத்தியே, பெத்த புள்ளையோட முதுகு தெரியலையா உனக்கு?"

அந்தத் தோளின் சரிவு, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிற நிற்பு. மாரேயின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்த அதே முதுகு. இப்போது தெரிந்தது.

நெவென்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யெரே கன்னி மரியாளையும், தான் இதுவரை திட்டிய எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டான்.

"சொல்லுங்க அத்தை" என்றது குரல். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

இருக்கிறான். பிள்ளை இருக்கிறான். யெரேக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்த நிமிஷம் அவனைவிடச் சந்தோஷமான மனுஷன் கடற்கரை முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்கமாட்டான்.

"உங்கப்பன் வந்திருக்கான். நீ இருக்கியா செத்தியான்னு கேக்குறான்" என்றாள் நெவென்கா.

யெரே போனைப் பிடுங்கினான். எவ்வளவோ சொல்ல இருந்தது. ஆனால் வாய் பழகின வாய்தானே!

"டேய்! அறிவிருக்காடா உங்களுக்கு? உயிரோட இருக்கிறவனுக்கு நோட்டீஸ் ஒட்டுவாளா ஒருத்தி? என் உயிரே போயிடுச்சு! இவளை நான் சும்மா விடப்போறதில்ல, போலீசுக்கு—"

"அத்தை எழுதலப்பா. நான்தான் எழுதினேன். அவங்களை ஒட்டச் சொன்னேன், அவ்வளவுதான்."

"ஏன்டா?"

"ரோகோவுக்கு நீங்க எழுதினதைப் பாத்தேன். எங்க பேக்டரில நம்ம நாட்டுக்காரங்க போன்ல வச்சு சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. எனக்கு அன்னிக்குப் பஸ்ஸு ஞாபகம் வந்துச்சு. நீங்க எனக்குப் பண்ணினதும் இதானே. மைக்ல சொல்லி என்னை முடிச்சிட்டீங்க. பேப்பர் ஒட்டல. அதை நான் ஒட்டிட்டேன்."

"டேய், அது விளையாட்டுக்குடா. சிரிக்கிறதுக்குச் சொன்னது. உன் மேல எனக்கு—" என்றான் யெரே. ஊரையே ஏசுகிற வாயில், பெற்ற மகனிடம் சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல் இல்லை.

"தெரியும்பா. எல்லாரும் சிரிச்சாங்க."

"நான் போய்க் கிழிச்சிடுறேன். ரெண்டையும் கிழிச்சிடுறேன், துயே. நீ ஊருக்கு வா. ஒரு தடவை வந்துட்டுப் போ."

"ரோகோவோடதை வேணா கிழிங்க. என்னோடதைக் கிழிக்காதீங்க. அதுல பொய் எதுவும் இல்ல. இடைவேளை முடிஞ்சிடுச்சு. போனை அத்தைகிட்ட குடுங்க."

நெவென்கா போனை வாங்கி, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். திரும்பி வந்தபோது யெரே வாசலிலேயே நின்றான்.

"நம்பர் குடு, நெவென்கா."

"கேட்டேன். வேணாங்கிறான்."

"நான் கேட்டேன்னு சொன்னியா?"

"சொன்னேன். எண்ணெய் காயுது, போ." கதவைச் சாத்திக்கொண்டாள்.

யெரே மேட்டிலிருந்து இறங்கினான். பலகைக்கு வந்ததும் ரோகோவின் நோட்டீஸைப் பிய்த்து எடுத்தான். எங்கள் ஊரில் அந்தப் பலகையில் கை வைத்த முதல் ஆள் அவன்தான். மற்றதன் மேல் கையை வைத்தான். பசை இன்னும் ஈரமாக இருந்தது. இழுத்தால் வந்துவிடும். கிழிக்காதீங்க என்று பிள்ளை சொன்னான். பிள்ளை தன்னிடம் கேட்டது அது ஒன்றுதான். கையை எடுத்துக்கொண்டான்.

காபிக் கடைக்குள் போனான். ஸ்லாவிட்சா டிவியை அணைத்தாள். யெரேயின் முகத்தைப் பார்த்ததும் நோட்டீஸ் நிஜம்தான் என்று அங்கே இருந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நாற்காலிகளை நகர்த்தி ஒவ்வொருத்தராக எழுந்து நின்றார்கள். ஃப்ரானே முதலில் வந்தான். தொப்பி இடது கையில், வலது கையை நீட்டினான்.

"என்ன சொல்றதுன்னு தெரியலடா. நல்ல புள்ள."

இல்லையடா, இருக்கிறான், இப்போதுதான் பேசினான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிறகு ஏன் ஒட்டினார்கள் என்று கேட்பார்கள். யார் எழுதியது என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். யெரே யோசித்துப் பார்த்தான். பிறகு கையை நீட்டி ஃப்ரானேயின் கையைப் பிடித்துக்கொண்டான். அடுத்தவன் வந்தான், அதற்கடுத்தவன் வந்தான். எல்லாக் கையையும் வாங்கிக்கொண்டான். ஒருத்தரையும் அவன் ஏசவில்லை.

ஸ்லாவிட்சா ஒரு பிராந்தியை ஊற்றிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எப்ப கொண்டுவர்றாங்க யெரேண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள். "என்னிக்கு வர்றான்?"

"வரமாட்டான்மா" என்றான் யெரே.